நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை: சேர்க்க மறந்த ஒரு ஃபைல்



வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா நகல், மின் கட்டணம் என்று இப்போது பாதி வேலை போனிலேயே முடிந்துவிடுகிறது. முடியாத நாளும் உண்டு. ஆப் அப்டேட் ஆகியிருக்கும். நேற்று வரை நன்றாக ஓடிய பக்கம் இன்று காலை “ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயற்சிக்கவும்” என்று சொல்லிவிட்டு நிற்கும். நீங்களும் போனை அணைத்துப் போட்டுப் பார்ப்பீர்கள், வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறிப் பார்ப்பீர்கள், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள். அவனும் முழிப்பான்.

இப்படி நிற்க ஆயிரம் காரணம் இருக்கலாம். நான் இன்றைக்கு ஒரே ஒரு காரணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். புரோகிராம் எழுதுகிறவர், தான் புதிதாக உருவாக்கிய ஒரு கன்ஃபிகரேஷன் ஃபைலை வெர்ஷன் கன்ட்ரோலில் சேர்க்க மறந்துவிடுவது. கேட்பதற்கு ஏதோ ஐடி கம்பெனிக்குள் நடக்கிற சங்கதி மாதிரி இருக்கும். ஆனால் அதன் பலனை அனுபவிப்பவர் நீங்கள். இதே மறதி உங்கள் போனுக்குள்ளும் இருக்கிறது, அதற்கும் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த இரண்டு சொற்கள். கல்யாண வீட்டுச் சமையல்காரருக்குச் சாம்பார் வைக்கத் தெரியும், பாயசம் வைக்கத் தெரியும். ஆனால் எத்தனை இலை, எந்த மண்டபம், காலையில் எத்தனை மணிக்குப் பந்தி என்பதெல்லாம் ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுப்போம் இல்லையா? புரோகிராமுக்கு அந்தச் சீட்டுதான் கன்ஃபிகரேஷன் ஃபைல். எந்தச் சேவைக்கு எவ்வளவு கட்டணம், தகவல் தளம் எந்த முகவரியில் இருக்கிறது, எந்த மாவட்டத்துக்கு எந்தெந்த வட்டங்கள், எஸ்எம்எஸ் எந்த வழியாகப் போகவேண்டும், இதெல்லாம் அதில் இருக்கும். சமையல்காரர் வந்து, சீட்டு வரவில்லை என்றால் என்ன ஆகும்? அடுப்பைக்கூடப் பற்ற வைக்கமாட்டார். அல்லது போன கல்யாணத்துக் கணக்கை வைத்துச் சமைத்துவிடுவார். இரண்டாவது இன்னும் மோசம்.

வெர்ஷன் கன்ட்ரோல் என்பது பதிவேடு. அரசு அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களில் மேலே ‘ந.க. எண்’ என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். அந்த எண் இருந்தால்தான் அந்தக் காகிதம் அலுவலகத்துக்குத் தெரிந்த காகிதம். எண் போடாமல் ஒருவர் மேசை டிராயரில் இருக்கிற மனு, அவரைப் பொறுத்தவரை பத்திரமாக இருக்கிறது, அலுவலகத்தைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. மென்பொருள் உலகில் இந்தப் பதிவேட்டு வேலையை இன்று பெரும்பாலும் செய்வது கிட் என்கிற கருவி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் லினக்ஸ் பங்களிப்பாளர்கள் ஒரே புரோகிராமை ஒன்றாக வளர்க்க ஒரு கணக்குப் புத்தகம் தேவைப்பட்டது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று எல்லாம் அதில் இருக்கும். தப்பு நடந்தால் பழைய நிலைக்குத் திரும்பிப் போகலாம். அருமையான கருவி, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கிற ஃபைலில் ஒரு கமாவை மாற்றினாலும் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். புதிதாக ஒரு ஃபைல் உருவாக்கினால், அது தானாகப் பதிவேட்டுக்குள் போகாது. ‘கிட் ஆட்’ என்ற கட்டளை கொடுத்து, “இந்தா, இதையும் சேர்த்துக்கோ” என்று ஒருவர் சொல்லியாகவேண்டும். இது கிட்டின் குறை கிடையாது, தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். வேலை செய்கிற இடத்தில் தற்காலிகக் குப்பை எவ்வளவோ விழும், அத்தனையையும் பதிவேட்டில் ஏற்றினால் பதிவேடு நாறிவிடும்.

இதில் வழுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. மாற்றங்களைப் பதிவு செய்யும்போது, நிறையப் பேர் ‘கிட் கமிட்’ கட்டளையோடு ‘மைனஸ் ஏ’ என்று ஒரு வாலைச் சேர்த்துப் போடுவார்கள். ‘ஆல்’, அதாவது எல்லாம் என்பதன் சுருக்கம் அது. பேரைப் பார்த்தால் எல்லாவற்றையும் சேர்த்துவிடும் என்றுதானே தோன்றும்? அந்த ‘எல்லாம்’, ஏற்கெனவே தெரிந்த ஃபைல்கள் எல்லாம் என்று மட்டும்தான் அர்த்தம். புது ஃபைலுக்கு அந்தப் பந்தியில் இலை கிடையாது. பேர் வைத்தவர்களை இதற்காக நான் கொஞ்சம் கோபித்துக்கொள்வது உண்டு.

சரி, கிட் எச்சரிக்கை செய்யாதா என்று கேட்பீர்கள். செய்யும். ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால், கடைசியில் ‘அன்ட்ராக்டு’ என்ற தலைப்பில், தான் கண்காணிக்காத ஃபைல்களைப் பட்டியல் போட்டுக் காட்டும். அந்தப் பட்டியலில் எப்போதும் நாற்பது வேண்டாத ஃபைல்கள் கிடந்தால், நாற்பத்தொன்றாவதாக வந்த முக்கியமான ஃபைல் கண்ணில் படுமா? தெருவில் தினமும் குரைக்கிற நாய்க்கு யார் எழுந்து பார்க்கிறார்கள்? அதனால் பட்டியலைச் சுத்தமாக வைத்திருக்க ‘கிட் இக்னோர்’ என்று இன்னொரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எந்தெந்த ஃபைல்களைக் கண்டுகொள்ளவேண்டாம் என்று அதில் எழுதிவிடலாம். இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. அவசரத்தில் ஒருவர் ‘கன்ஃபிக் ஃபோல்டரையே கண்டுகொள்ளாதே’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், பிறகு அந்த ஃபோல்டரில் யார் புது ஃபைல் வைத்தாலும் பட்டியலில்கூட வராது. முழு அமைதி. இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுப் போனவர் எழுதிய வரியாக அது இருக்கும், இன்றைக்கு மாட்டுகிறவர் வேறொருவர்.

இப்போது ஒரு உதாரணம் சொல்கிறேன். எந்தத் துறையிலும் நடந்ததாகச் சொல்லவில்லை, விளங்குவதற்காக நானே கட்டியது. தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன. 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று ஐந்து சேர்ந்தன. 2020-ல் மயிலாடுதுறையும் வந்து 38 ஆனது. ஒரு சேவைப் புரோகிராமில் மாவட்டத்துக்கு ஒரு ஃபைல் என்று வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது மாவட்டம் வந்ததும் நம் புரோகிராமர் இரண்டு வேலை செய்கிறார். ஏற்கெனவே இருக்கிற மாவட்டப் பட்டியலில் தென்காசி என்று ஒரு வரி சேர்க்கிறார். அடுத்து, தென்காசிக்கென்று வட்டங்களும் மற்ற விவரங்களும் அடங்கிய புது ஃபைல் ஒன்றை உருவாக்குகிறார். தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறார், பிரமாதமாக ஓடுகிறது. ‘மைனஸ் ஏ’ போட்டுப் பதிவு செய்கிறார். வீட்டுக்குப் போய்விடுகிறார்.

பதிவேட்டுக்குள் போனது பட்டியல் மட்டும். ஃபைல் அவர் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்திருக்கிறது. சர்வர், பதிவேட்டில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மறுநாள் மதுரைக்காரர் விண்ணப்பிக்கிறார், சான்றிதழ் வருகிறது. சேலத்துக்காரருக்கும் வருகிறது. தென்காசியில் ஒரு மாணவி, கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும், நாளைக்குக் கடைசித் தேதி. பட்டியலில் தென்காசி என்று அவருக்குத் தெரிகிறது, தொடுகிறார், பக்கம் நின்றுவிடுகிறது. திரும்பத் தொடுகிறார். உதவி எண்ணுக்கு அழைத்தால் அங்கே இருப்பவர் தன் திரையில் சோதித்துப் பார்த்துவிட்டு, “இங்க நல்லா வருதேம்மா, உங்க நெட் பிரச்சினையா இருக்கும்” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் சோதித்தது சென்னையைத் தேர்வு செய்து. புரோகிராமரிடம் போனால் அவரும், “என் கம்ப்யூட்டர்ல ஓடுதே!” என்பார். அவரும் பொய் சொல்லவில்லை. அந்த ஃபைல் உலகத்திலேயே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, அது அவருடையது.

இந்தத் தவறின் விஷமே இதுதான். செய்தவர் இடத்தில் அது தெரியவே தெரியாது. எழுத்துப்பிழை விட்டால் எழுதியவர் திரையிலேயே சிவப்பு விழும். சேர்க்க மறந்த ஃபைல் மட்டும், மறந்தவரின் கண்ணுக்கு நேராக, சரியாக வேலை செய்துகொண்டு, சாதுவாக இருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு: பதிவேட்டில் ஏறாத ஃபைல் அழிந்தால் கிட்டால் மீட்டுத் தரமுடியாது. ‘கிட் கிளீன்’ என்று சுத்தம் செய்கிற கட்டளை ஒன்று இருக்கிறது, அது அன்ட்ராக்டு ஃபைல்களைத் தேடித்தான் அழிக்கும். அப்படி ஒருவர் சுத்தம் செய்துவிட்டால், அந்த ஒரே பிரதியும் போயிற்று.

இதற்கு நெருங்கிய பங்காளி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 2012 ஆகஸ்ட் 1, நைட் கேப்பிடல் என்ற பங்குவர்த்தக நிறுவனம். புது மென்பொருளை 8 சர்வர்களில் ஏற்றவேண்டும். 7-ல் ஏற்றியவர் ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கவேண்டும் என்ற எழுத்துபூர்வ நடைமுறை அங்கே இல்லை. சந்தை திறந்ததும் அந்த எட்டாவது சர்வரில் தூங்கிக்கொண்டிருந்த பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு தாறுமாறாக ஆர்டர் போட ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இதில் என்னை உறுத்துவது நஷ்டக் கணக்கு கிடையாது. சந்தை திறப்பதற்கு முன்பே, கோளாறைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களுக்குத் தானாகப் போயிருக்கின்றன. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013-ல் விசாரித்து வெளியிட்ட உத்தரவில் இதெல்லாம் இருக்கிறது. அங்கே விட்டுப்போனது கிட்டில் ஒரு ஃபைல் அல்ல, ஒரு சர்வர். ஆனாலும் ஒரே குடும்பம்தான்.

“அப்போ எல்லாத்தையும் சேர்த்துட்டா முடிஞ்சுதே” என்று உங்களுக்குத் தோன்றும். முடியாது. கன்ஃபிகரேஷன் ஃபைலில் சில நேரம் கடவுச்சொல்லும் ரகசிய எண்களும் இருக்கும். அதைப் பதிவேட்டில் ஏற்றினால், பதிவேட்டைப் பார்க்க முடிகிற எல்லோர் கையிலும் சாவி கொடுத்த மாதிரி. ஊபர் நிறுவனத்துக்கு 2016-ல் நடந்தது அதுதான். அவர்களுடைய புரோகிராம் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்களுக்கு அங்கே கிளவுட் சேமிப்பின் சாவி கிடைத்தது. அதை வைத்து 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆகவே ஒரு பக்கம் சேர்க்காவிட்டால் சேவை நிற்கும், இன்னொரு பக்கம் சேர்த்துவிட்டால் திருட்டுப் போகும். விவரம் தெரிந்தவர்கள் ஃபைலை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். ரகசியம் இல்லாதது பதிவேட்டுக்குப் போகும். ரகசியம் உள்ளது தனியாகப் பூட்டி வைக்கப்படும். அதற்குப் பதிலாக, எந்தெந்தக் கட்டங்களை நிரப்பவேண்டும் என்று காட்டுகிற ஒரு வெற்று மாதிரி ஃபைல் பதிவேட்டில் இருக்கும். நிரப்பாத விண்ணப்பப் படிவம் மாதிரி. அதோடு, புரோகிராம் தொடங்கும்போதே ‘எனக்கு வேண்டிய ஃபைல் எல்லாம் வந்திருக்கிறதா’ என்று எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் பேரைச் சொல்லிக் கத்தவேண்டும். தென்காசி மாணவி வந்து தொடுகிற வரை காத்திருக்கக்கூடாது.

இருந்தாலும் கடைசிப் பரிசோதனை ஒன்றுதான், அதற்கு ஈடு எதுவும் எனக்குத் தெரியாது. காலிக் கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, பதிவேட்டில் இருப்பதை மட்டும் இறக்கி, ஓட்டிப் பார்ப்பது. இப்போது பல இடங்களில் இதை ஆள் செய்வதில்லை. ஒவ்வொரு முறை மாற்றம் பதிவாகும்போதும் ஒரு இயந்திரமே புத்தம்புதிய இடத்தில் எல்லாவற்றையும் இறக்கி, எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிடுகிறது. தட்டச் சொல்லாத கதவை அது தட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 37 மாவட்டத்துக்குச் சோதனை எழுதிவிட்டு 38-வதை விட்டால், அதே கதைதான் மறுபடியும்.

உங்கள் போனுக்கு வருவோம் என்றேன். “எல்லாம் பேக்கப் ஆகுது சார், கூகுள்ல இருக்கு” என்று நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் போட்டோஸ் வைத்திருந்தால் ஒரு நிமிடம் திறந்து, பேக்கப் அமைப்புக்குள் போய், சாதனத்தில் உள்ள ஃபோல்டர்கள் என்ற பகுதியைப் பாருங்கள். கேமராவில் எடுத்த படங்கள் பேக்கப் ஆகும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், ஸ்கிரீன்ஷாட்கள், வேறு ஆப்கள் உருவாக்கிய ஃபோல்டர்கள் எல்லாம் தனித்தனி ஸ்விட்ச். நீங்கள் போட்டுவிட்டால்தான் சேரும். போன மாதம் புது ஸ்கேனர் ஆப் ஒன்றை இறக்கி அதில் நிலப் பத்திரத்தைப் படம் பிடித்திருந்தால், அந்த ஃபோல்டரைப் பற்றி பேக்கப்புக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புரோகிராமருக்கு நடந்த அதே சங்கதி. உங்கள் போனில் தொட்டவுடன் படம் திறக்கும், பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். போன் தண்ணீரில் விழுகிற அன்றைக்குத்தான் தெரியும். டவுன்லோடு ஃபோல்டரில் கிடக்கிற சான்றிதழ் பிடிஎஃப்களையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை டிஜிலாக்கர் ஒரு நல்ல வழி. அதில் ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. அங்கே வருவது வழங்கிய துறையிடமிருந்தே நேராக வருகிறது, 2016-ல் வந்த விதிகளின்படி அது அசலுக்குச் சமம். நீங்களே படம் பிடித்து ஏற்றுவது வேறு பகுதி, அதற்கு அந்த மதிப்பு கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளவேண்டாம். காலிக் கம்ப்யூட்டர் சோதனையை நீங்களும் செய்யலாம். வீட்டில் இன்னொருவர் போனை வாங்கி, பிரவுசரில் உங்கள் கணக்கில் நுழைந்து, வேண்டிய நான்கு ஆவணங்கள் கண்ணில் படுகின்றனவா என்று பாருங்கள். பார்த்து முடித்ததும் மறக்காமல் லாக்-அவுட் செய்யுங்கள். எது வரவில்லையோ அதுதான் நீங்கள் சேர்க்க மறந்தது.

இனி, ஆப் நின்றுபோன அந்தக் காலைக்குத் திரும்புவோம். ஃபைல் விடுபட்டிருப்பது சர்வரில் என்றால், நீங்கள் ஆப்பை அழித்து மறுபடி ஏற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. பாதி நிரப்பி வைத்திருந்த விண்ணப்பம் போனால் அதுவும் உங்களுக்குத்தான் நஷ்டம். பணம் கட்டுகிற இடத்தில் நின்றிருந்தால் உடனே மறுபடி கட்டாதீர்கள். வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, புகார். “ஆப் ஓடல” என்று மட்டும் எழுதினால் அதைப் பெறுகிறவரால் ஒன்றும் செய்யமுடியாது. அவரிடத்தில் ஓடுகிறதே! எந்தச் சான்றிதழ், எந்த மாவட்டம், எந்த வட்டம், எந்தப் பொத்தானைத் தொட்டதும் நின்றது, தேதி, நேரம், ஆப் எந்த வெர்ஷன், இவ்வளவையும் எழுதுங்கள். முடிந்தால் இன்னொரு வேலையும் செய்யுங்கள்: வேறொரு மாவட்டத்தைத் தேர்வு செய்தால் பக்கம் வருகிறதா என்று பாருங்கள், விண்ணப்பத்தை அனுப்பவேண்டாம், பார்த்தால் போதும். “தென்காசி வரவில்லை, மதுரை வருகிறது” என்ற ஒரு வரி, நாள் முழுக்கத் தேடவேண்டியதைப் பத்து நிமிடத்துக்குச் சுருக்கிவிடும். அந்த வரியைப் படித்ததும், தன் கம்ப்யூட்டரில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ அடித்துப் பார்க்கவேண்டும் என்று புரோகிராமருக்குத் தோன்றும். கடைசித் தேதி நெருங்குகிறது என்றால் அதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள், காலதாமதத்துக்குக் கோளாறுதான் காரணம் என்று பிறகு காட்ட அந்தப் புகாரின் எண் உங்களுக்கு உதவும்.

ஸ்கிரீன்ஷாட் இணைக்கும்போது, அதில் ஆதார் எண் தெரிந்தால் மேலே ஒரு பட்டை போட்டு மறைத்துவிட்டு அனுப்புங்கள். மங்கலாக்கினால் போதாது, முழுக்க மறையவேண்டும்.